ரோபோ செய்யும் பிள்ளை இன்ஜினியரா?

கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் சின்ன வண்டி அது. இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், முன்பக்கம் தாங்கலுக்கு ஓர் இரும்புக் குண்டு, தரையைப் பார்த்தபடி அகச்சிவப்பு சென்சார்கள். காலையில் ஆய்வக மேசைமேல் பிசகாமல் ஓடியது. கண்காட்சிக்காகப் பள்ளி வராந்தாவில் கொண்டுவந்து விட்டதும் முதல் வளைவிலேயே கோட்டைத் தவறவிட்டு இறங்கிவிட்டது. அணியில் மூன்று பேர். பையன்கள் இருவரும் பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள், வயர்களை இழுத்துப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் மடிக்கணினியை இணைத்து, சென்சார் தரும் எண்களைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தில் வெள்ளைக்கு 210, கறுப்புக்கு 790 வந்திருக்கிறது. நடுவே 500ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் கறுப்பு, கீழே வந்தால் வெள்ளை. வராந்தாவில் சாய்வாக விழுந்த வெயிலில் கறுப்புக்கே 180தான் வந்தது.

“வெயில்லயும் அந்த அகச்சிவப்பு இருக்கு மிஸ். அதான் கறுப்பையும் வெள்ளைன்னு நினைச்சுக்குது” என்றாள். எல்லையைக் குறைத்துவிடலாம் என்றான் ஒருவன். “குறைச்சா, நிழல்ல போறப்ப வெள்ளை கறுப்பாயிடும்டா” என்று நோட்டைக் காட்டினாள். பிறகு கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரு பட்டை வெட்டி, சென்சார்களைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டினாள். கறுப்பின் எண் 640க்கு ஏறியது. வண்டி வளைவைத் தாண்டியது.

வராந்தாத் தூணில் ‘இளம் பொறியாளர்களை வாழ்த்துகிறோம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். விருந்தினராக வந்திருந்தவர் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “பிள்ளைங்களை எவ்வளவு வேணும்னாலும் பாராட்டலாம். அந்தப் பேரைக் கொடுக்கறதுதான் யோசிக்கணும். நான் கையெழுத்துப் போட்ட பாலத்துல இன்னிக்கும் பஸ் போகுது.”

அந்தப் பெண் செய்த வேலையையும் பார்த்தேன், பெரியவர் சொன்னதையும் கேட்டேன். இரண்டையும் தள்ள முடியவில்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் கையால் ரோபோ செய்யும்போது அவர்களைப் பொறியாளர் என்று அழைக்கலாமா? மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கும் பேச்சை விட்டுவிடுவோம். பொருளறிந்து அழைக்கலாமா என்பதே கேள்வி.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். தமிழில் பொறி என்பது பல பொருள் தாங்கும் சொல். ஐம்பொறி, தீப்பொறி, எலிப்பொறி எல்லாம் அதிலிருந்து வந்தவை. எந்திரம் என்ற பொருளிலும் அது பழையது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலைக் காப்பவை பொறிகள். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயைக்காகச் செய்விப்பது பறக்கும் மயிற்பொறி. ஆங்கில இன்ஜினியருக்கும் ஏறத்தாழ இதே பிறப்புதான். லத்தீனில் பிறவி அறிவுத்திறனைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து, இடைக்கால ஐரோப்பாவில் போர்க்கருவி செய்பவரின் பெயராக அது ஆனது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் தன்னை ‘சிவில்’ இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார். போர்த்தொழிலைச் சேர்ந்தவன் அல்ல என்பதைக் காட்டத்தான் அந்த அடைமொழி. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ‘சிவில் எடுத்திருக்கேன்’ என்று சொல்லும்போது அந்த வேறுபாடு யார் நினைவிலும் இல்லை.

அந்தத் தலைமுறையில் யாரும் பட்டம் கேட்கவில்லை. ரயில் எந்திரத்தால் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் பதினெட்டு வயதுவரை எழுதப்படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளி. 1847இல் பிரிட்டனில் எந்திரப் பொறியாளர்களின் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். நம் பக்கத்தில் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இருக்கிறார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தது. 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று உருவாவதில் முன்னின்றவரும் அவரே. அங்கே நான்கு வருடப் படிப்பு வீண் என்று வாதிட்டவரும் அவரே. அவரைப் பொறியாளர் இல்லை என்று சொல்லத் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் நா எழாது. பட்டம் உள்ளவரே பொறியாளர் என்ற விடை, ஆக, வரலாற்றின் முன் நிற்காது.

அப்படியானால் செய்பவரெல்லாம் பொறியாளரா? இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். வராந்தாவில் நடந்தது என்ன? பையன்கள் பழுது தேடினார்கள். மெக்கானிக் கடையில் நாளெல்லாம் நடக்கும் மதிப்புள்ள வேலைதான் அது. அவள் செய்தது வேறு. பழுது என்று ஒன்று இல்லை, வண்டி செய்யச் சொன்னதைத்தான் செய்கிறது, சூழல்தான் மாறியிருக்கிறது என்று கண்டுகொண்டாள். அதற்கு எண் எடுத்தாள். கைக்கு எளிதாக வந்த தீர்வை, இன்னொரு சூழலில் அது என்ன ஆகும் என்று யோசித்துத் தள்ளினாள். கையில் இருந்த தாளை வைத்து ஒரு வழி செய்தாள், மறுபடி அளந்து சரிபார்த்தாள். அளப்பது, காரணம் சொல்வது, கட்டுப்பாடுகளுக்குள் ஒன்றைத் தேர்ந்து இன்னொன்றைத் தள்ளுவது, தள்ளியதற்கும் காரணம் வைத்திருப்பது. அணு உலையில் வேலை செய்பவரும் இதைத்தான் செய்கிறார். அளவு வேறு, விளைவு வேறு. வேலையின் எலும்புக்கூடு ஒன்றே.

சீமோர் பேப்பர்ட் இதைக் கணிதத்தில் சொன்னார். ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயுடன் சில ஆண்டுகள் இருந்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1967இல் குழந்தைகளுக்கான லோகோ கணினிமொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். பிள்ளைகளுக்குக் கணிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது ஒன்று, பிள்ளையைக் கணிதராக இருக்கவிடுவது மற்றொன்று என்பது அவர் 1970களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரையின் மையம். லோகோவில் கட்டளை கொடுத்து ‘ஆமை’ என்ற உருவத்தைச் சதுரம் வரையவைக்கும் பிள்ளை, எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைத் தன் உடம்பைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கும். அந்த நிமிஷத்தில் அது கணிதம் செய்கிறது. பின்னாளில் லீகோ நிறுவனம் 1998இல் கொண்டுவந்த ரோபோப் பெட்டிக்கு அவருடைய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலின் பெயரையே வைத்தது. பெட்டியோடு அவருடைய எண்ணமும் எல்லா வகுப்பறைக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு நான் அறிந்ததில் மிக வலுவான சாட்சி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் இருக்கிறது. அங்கே நகரின் மேற்குப் பகுதியில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி என்றொரு அரசுப் பள்ளி. மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்தது. 2004இல் ஃப்ரெடி லஜ்வார்டி, ஆலன் கேமரன் என்ற இரு ஆசிரியர்கள் நான்கு மாணவர்களைச் சேர்த்து, கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் நடந்த நீரடி ரோபோப் போட்டிக்குத் தயார்படுத்தினார்கள். மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலை ஆராய்வது போன்ற பணிகளைக் குளத்தின் அடியில் ரோபோ செய்ய வேண்டும். பள்ளி அணிகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தும், கல்லூரிகளின் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். கல்லூரிகளிடம் தோற்றால் அவமானமில்லை என்பது ஆசிரியர்களின் கணக்கு. எதிரே எம்.ஐ.டி. இருந்தது. அந்த அணிக்குப் பெரிய எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவும் உண்டு.

இவர்களிடம் இருந்தது சுமார் 800 டாலர். உலோகச் சட்டத்துக்கு வழியில்லாததால், வீட்டுத் தண்ணீர் வேலைக்கு வாங்கும் பி.வி.சி. குழாய்களை ஒட்டிச் சட்டம் கட்டினார்கள். பசை நாற்றம் குடலைப் பிடுங்கியது. ரோபோவுக்கு ‘ஸ்டிங்கி’, நாற்றம்பிடித்தது, என்று பெயரே வைத்துவிட்டார்கள். வறுமையில் எடுத்த முடிவு என்று அதைப் பார்க்கலாம். ஆனால் குழாய் உள்ளே வெறுமையானது, அதில் அடைபட்ட காற்று எந்திரத்தை மிதக்கத் தூக்கும். பேட்டரியை மேலே வைத்து நீண்ட மின்கம்பி வழியாகக் கீழே மின்சாரம் அனுப்புவது ஒரு வழி. இவர்கள் பேட்டரியையே நீர் புகாத பெட்டியில் வைத்து ரோபோவில் ஏற்றினார்கள். மேலிருந்து வரும் கம்பி மெலிந்தது, எந்திரம் இலகுவாகத் திரும்பியது. பேட்டரி கனம் ஒரு பக்கம், குழாயின் மிதப்பு மறுபக்கம். ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்டிய வடிவமைப்பு. வெப்பமானி விஷயத்தில் சந்தேகம் வந்தபோது கருவி செய்யும் நிறுவனத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டு, விஷயம் தெரிந்த ஆளைப் பிடித்துக் கேட்டார்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும் பழக்கத்தை எந்தப் பெட்டியும் கூடவே வைத்து விற்பதில்லை.

போட்டிக்குப் போன இடத்தில் பெட்டிக்குள் நீர் கசிந்தது. சில துளிகள்தான், ஆனால் சுற்றுப்பலகையில் பட்டால் எல்லாம் முடிந்தது. கசிவை அடைக்கக் கைவசம் நேரமில்லை. அடைக்க முடியாவிட்டால் உறிஞ்சட்டும் என்று தீர்மானித்தார்கள். எது மிகக் குறைந்த இடத்தில் மிக அதிகமாக உறிஞ்சும்? டாம்பான், மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் வைத்துக்கொள்ளும் பஞ்சுச்சுருள். ஒரு பையன் கடைக்குப் போய், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, எந்த வகை நன்றாக உறிஞ்சும் என்று ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கிவந்தான். பெட்டிக்குள் அவற்றை வைத்தார்கள். இரவெல்லாம் விழித்து மெல்லிய கம்பிகளை மறுபடி சாலிடர் செய்தார்கள். மறுநாள் ஸ்டிங்கி நீரில் இறங்கியது. நீருக்குள் செய்த பணிகளின் மதிப்பெண்ணில் அவர்கள் எம்.ஐ.டி.க்குப் பின்னால்தான் இருந்தார்கள். ஆனால் நடுவர்களின் நேர்முகத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொன்னார்கள். எழுதிக்கொடுத்த தொழில்நுட்ப அறிக்கையிலும், வடிவமைப்பிலும் மதிப்பெண் குவிந்தது. மொத்தத்தில் முதலிடம் கார்ல் ஹேடன் பள்ளிக்கு, இரண்டாமிடம் எம்.ஐ.டி.க்கு.

இந்தக் கதையை ஹாலிவுட் 2015இல் படமாகவே எடுத்தது. படத்துக்குத் தேவை சிறியவர் பெரியவரை வென்ற கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் வென்றது எந்திரம் ஓடியதால் மட்டுமல்ல, ஏன் இப்படிச் செய்தோம் என்று நிபுணர்கள் முன் நின்று சொல்ல முடிந்ததால் என்பதுதான். அந்த வாரத்தில் அவர்கள் செய்ததற்குப் பொறியியல் என்பதைத் தவிர வேறு பெயரில்லை. இதை ஒப்புக்கொள்ளத் தயங்குபவரிடம் எனக்கு இருப்பது ஒரே கேள்வி: எம்.ஐ.டி. அணி அங்கே செய்தது பொறியியல் என்றால், அதே அளவுகோலில் அவர்களைவிட மேலாக மதிப்பிடப்பட்ட வேலைக்கு என்ன பெயர்?

ஆனால் பாலம் கட்டிய பெரியவர் சொன்னது இன்னும் மிச்சமிருக்கிறது. ஸ்டிங்கி குளத்தில் மூழ்கியிருந்தால் நாலு பேர் அழுதிருப்பார்கள். அவ்வளவுதான். கனடாவில் கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் விழுந்தது. 75 தொழிலாளர்கள் செத்தார்கள். பாலத்தின் நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டியவர்கள், கூடிய எடையை மறுபடி முறையாகக் கணக்கிடவில்லை. கீழே இருந்த எஃகுத் தண்டுகள் வளையத் தொடங்கியதைக் களத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். இளம் பொறியாளர் ஒருவர் நியூயார்க்கில் இருந்த ஆலோசகர் தியோடர் கூப்பரிடம் நேரில் போய்ச் சொன்னார். கூப்பர் இனி சுமை ஏற்றவேண்டாம் என்று தந்தி கொடுத்தார். ஆனால் அதை ஆற்றங்கரைக்கு அனுப்பவில்லை, பென்சில்வேனியாவில் இருந்த எஃகு நிறுவனத்துக்கு அனுப்பினார். சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் பாலம் போயிற்று.

இதற்குப் பிறகுதான் கனடாவில் பொறியாளராகப் புறப்படுபவருக்கு இரும்பு மோதிரம் அணிவிக்கும் சடங்கு வந்தது. 1925இல் முதன்முதலாக நடந்தது. வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் அணிவார்கள். வரைபடத்தின்மேல் கை நகரும்போதெல்லாம் அது தாளில் உரசும். அங்கே ‘இன்ஜினியர்’ என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் 1937இல் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் எரிவாயு கசிந்து வெடித்து முந்நூறு பேர் அளவில், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டார்கள். அதே ஆண்டில் அங்கே பொறியாளர் பதிவுச் சட்டம் வந்தது. நமக்குத் தொலைவில் போகவேண்டியதில்லை. 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரியவர் ‘கையெழுத்து’ என்று சொன்னதன் கனம் அது. முகம் தெரியாத ஒருவர், என்னை நம்பி, நான் செய்ததன்மேல் கால்வைக்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். பட்டத்தின் உள்ளடக்கம் அறிவு மட்டுமல்ல, அந்தப் பதில்சொல்லும் கடமை. எட்டாம் வகுப்புப் பிள்ளைமேல் அதை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

இதையே பிடித்துக்கொண்டு சொல்லுக்கு வேலி கட்டினால் அது இன்னொரு பக்கம் கோணும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ராம் என்பவரின் மனைவிக்குச் சிக்னலைத் தாண்டியதற்காக அபராதச் சீட்டு வந்தது. அவர் ஸ்வீடனில் மின்னணுப் பொறியியல் படித்தவர். மஞ்சள் விளக்கு எரியும் நேரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில், திரும்புவதற்காக வேகம் குறைக்கும் வண்டியைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கண்டுபிடித்து எழுதினார். மாநிலப் பொறியாளர் வாரியம் கணக்கைப் பார்க்கவில்லை. உரிமம் இல்லாமல் ‘நான் இன்ஜினியர்’ என்று எழுதியதற்காக 500 டாலர் அபராதம் போட்டது. அவர் வழக்குப் போட்டார். 2018 டிசம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பது சரி, உண்மையில் தான் எதுவோ அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமையைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இந்தியாவில் கட்டடக் கலைஞருக்கு 1972இலேயே சட்டம் வந்துவிட்டது. பொறியாளருக்கு அப்படி நாடு முழுவதற்கும் ஒன்று இல்லை. ஊரில் வீடு கட்டித்தரும் மேஸ்திரியையும் ‘இன்ஜினியர் சார்’ என்கிறோம், மென்பொருள் எழுதுபவரும் இன்ஜினியர்தான். சொல் ஏற்கனவே சந்தியில்தான் நிற்கிறது. பிள்ளைகளிடம் மட்டும் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.

பிள்ளைகள் என்பதால்தான். பெயரை நம்புகிறவர்கள் அவர்கள்.

2004இல் மெரிடித் நைட், கிறிஸ்டீன் கன்னிங்ஹாம் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் பொறியாளரை வரையச் சொன்னார்கள். கார் பழுதுபார்ப்பவரையும், கட்டடத்தில் வேலை செய்பவரையும் நிறைய வரைந்தார்கள். யோசிப்பவர், திட்டமிடுபவர் என்ற உருவம் குறைவு. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்ஜினியர் என்றால் கல்லூரி, கட்-ஆஃப், கேம்பஸ், சம்பளம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாதது, பொறியியல் என்பது என்ன வேலை என்பதுதான். இங்கே பேனர் இன்னும் கெடுக்கிறது. பெட்டியைப் பிரித்து, படம் பார்த்து நட்டு போல்ட் முடுக்கி, இணையத்தில் கிடைத்த நிரலை ஏற்றி, வண்டி ஓடியதும் ‘நீ இன்ஜினியர்’ என்று கோப்பை கொடுத்தால், பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பொறியியல் என்பது சொன்னபடி மாட்டுவது என்று. நான் பார்த்த ஒரு போட்டியில் பரிசு வாங்கிய வண்டியின் சாலிடர் முனைகள் பளபளவென்று வட்டமாக இருந்தன. பத்து வயதுக் கை அப்படி வைக்காது. அப்பாவின் கை அது. அந்தப் பையனிடம் மோட்டார் ஏன் இந்த வேகத்தில் ஓடுகிறது என்று கேட்டார் நடுவர். அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் பயம். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் நாம்.

இந்திய அரசு 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்களை நடத்துகிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, சுமார் 10,000 பள்ளிகள். இன்னும் 50,000 பள்ளிகளுக்கு ஐந்தாண்டில் விரிவாக்கப்போவதாக 2025 பட்ஜெட்டில் சொன்னார்கள். பெரிய காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆர்டுயினோப் பலகையும் முப்பரிமாண அச்சுப்பொறியும் வாங்கிவிடலாம். எண்ணை நோட்டில் எழுதவைக்கும் ஆசிரியரை வாங்க முடியாது. மோட்டார் புறப்படும்போது பேட்டரி அழுத்தம் சரிந்து பலகை தானே அணைந்து எழும், பிள்ளை நிரலில் தப்பு என்று மணிக்கணக்காகத் தேடும். அந்த நேரத்தில் ‘நிரலை விடு, மீட்டரை எடு’ என்று சொல்லவும், சொல்லாமல் பொறுத்திருக்கவும் தெரிந்தவர் வேண்டும். அமெரிக்காவில் டீன் கேமன் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு 1992இல் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் ரோபோப் போட்டியை நடத்தியது. எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃப்ளவர்ஸ் அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர். அதன் சிறப்பாக நான் காண்பது பரிசு அல்ல, வேலையில் இருக்கும் பொறியாளர்களைப் பிள்ளைகளின் மேசைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்ததுதான். வராந்தாவில் அதுதான் நடந்தது. பெரியவர் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தார். “காலையில எடுத்த எண் எத்தனை மணிக்கு எடுத்ததும்மா?” என்று கேட்டார். நேரம் எழுதவில்லை என்றாள். “அது எழுதணும்” என்றார். அவள் பேனாவை எடுத்தாள். பொறியாளர் பொறியாளரிடம் பேசும் பேச்சு அது. பேனரில் இருந்த சொல்லைவிட அந்த ஒரு கேள்வி அவளை மதித்தது.

என் முடிவு இதுதான். வேலைக்குப் பெயர் கொடுப்போம், ஆளுக்கு அவசரப்பட வேண்டாம். ‘நீ இப்போது செய்தது பொறியியல்’ என்று, எந்த இடத்தில் என்று சுட்டிக்காட்டிச் சொல்லலாம். அது உண்மை, பிள்ளை அதைச் சோதித்துப் பார்க்கலாம், நாளைக்கு மறுபடி செய்யலாம். ‘நீ பொறியாளர்’ என்பது ஒரு வாக்குறுதி. அதைச் சொன்னவர்கள் அந்தப் பிள்ளைக்கு வழி திறந்துவைக்கக் கடமைப்பட்டவர்கள். கட்டணம், கல்லூரி, கணக்கு வாத்தியார் எல்லாம் அதில் அடக்கம்.

ஃபீனிக்ஸில் அந்தக் கடன் முழுதாகக் கட்டப்படவில்லை. நான்கு பேரும் குழந்தையாக எல்லை தாண்டி வந்தவர்கள், குடியிருப்பு ஆவணங்கள் இல்லாமல் வளர்ந்தவர்கள். 2006இல் அரிசோனா வாக்காளர்கள் நிறைவேற்றிய ஒரு சட்டம், அப்படிப்பட்ட மாணவர்கள் மாநிலக் கல்லூரிகளில் உள்ளூர்க் கட்டணத்தில் படிப்பதை நிறுத்தியது. கல்லூரிக்குப் போன ஒருவர் பணம் கட்ட முடியாமல் பாதியில் விட்டார். இன்னும் இருவர் சமையல் தொழிலுக்குப் போனார்கள். ஆஸ்கர் வாஸ்கெஸ் ஒருவர்தான் 2009இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கியும் சட்டப்படி வேலை செய்ய முடியாது. தானாகவே மெக்சிகோவுக்குத் திரும்பி, விசாவுக்கு விண்ணப்பித்தார். பத்து வருடம் வரக்கூடாது என்றார்கள். ஒரு செனட்டர் தலையிட்டபின் 2010இல் விசா வந்தது. திரும்பி வந்து ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானுக்குப் போனார்.

மற்ற மூவருக்கும் அந்த வழி திறக்கவில்லை.